முடிவு எழுதாத நேர்த்தி

மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் தோட்டத்து மேல்கணக்கு லயத்து வீடுகளில் எல்லோருக்கும் கால் தரையில் நிற்காது. வினோஜனுக்கு மட்டும் வலது முட்டி முனக ஆரம்பித்துவிடும். ஆற்றங்கரையிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் ஏற்றம். அந்த ஏற்றத்தை முதுகில் செடல் கொக்கி குத்தி, தோளில் காவடியோடு, வருசா வருசம் ஏறுகிறவன் அவன். போன வருசம் தேயிலை ஆலை இருக்கிற ஸ்டோர் வளைவில் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கித்தான் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இந்த வருசம் தூக்கினாலும் எழும்புவானா என்பது அவனுக்கே தெரியவில்லை.

நோர்வூட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் அது. தப்பு அடிக்கிற மாயாண்டி என்றால் அந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்குத் தெரியும். அவருடைய மகன் இராமையாவின் பிள்ளைதான் இந்த வினோஜன். தாய் மீனம்மா லிந்துலைப் பக்கத்துப் பெண், இராமையாவுக்குச் சொந்த அத்தை மகள். அப்படிப் பார்த்தால் இவனுடைய அம்மாச்சியும் மாயாண்டித் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சொந்தம், எந்தப் பக்கம் திரும்பினாலும் நேர்த்தி வைக்கிற கூட்டம். காய்ச்சல் வந்தாலும் நேர்த்தி, காளான் முளைத்தாலும் நேர்த்தி.

இராமையா போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா நாகலெட்சுமியை ராகலையில் கொடுத்தாயிற்று. வீட்டில் தாயும் மகனும்தான். அட்டனில் கம்ப்யூட்டர் படித்தும் வேலை அமையாமல், அப்பா பார்த்த ஸ்டோர் வேலைக்கே வினோஜன் வந்து சேர்ந்தான். கொழுந்து வாட்டுகிற மாடிக்கும் உருட்டுகிற மெசினுக்கும் படி ஏறி இறங்கி முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். சின்ன வயசில் காய்ச்சலில் சாகக் கிடந்தவனை அம்மன் காப்பாற்றிக் கொடுத்ததற்காகத் தாய் வைத்த நேர்த்தி அந்தக் காவடி. அது எத்தனை வருசத்துக்கு என்று அவன் கேட்டதில்லை. கேட்டால் செய்ய மனசில்லை என்று ஆகிவிடும். அவளும் சொன்னதில்லை.

வாரம் முழுக்க இப்படிக் கழிந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவனுக்கு என்று ஒரு இடம் இருந்தது. அட்டனில் பஸ்லானுடைய போன் கடைக்குப் பின்னால் ஒரு அறை. பஸ்லான், கடைக்கார நஜீம் முதலாளியின் மகன், கம்ப்யூட்டர் வகுப்பில் வினோஜனோடு ஒரே மேசையில் இருந்தவன். அங்கே நாலு பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். தாயம் மாதிரி காய் உருட்டுவதுதான், ஆனால் காய்க்கு இருபது முகம். பஸ்லான் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். த்ரீவீல் ஓட்டுகிற தனுஷன் எப்போதும் வாள் வீரன். பஸ்லானின் தங்கை அம்னா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், அவள் எதை எடுத்தாலும் சீக்கிரம் செத்துப்போவாள். வீரன், மந்திரவாதி, வேடன் என்று ஒவ்வொரு கேரக்டரும் ஒரு கிளாஸ். எந்தக் கிளாஸுக்கு எந்த லெவலில் என்ன சக்தி என்பதை ஒரு மென்பொருள் கணக்கு வைத்துக்கொள்ளும்.

அதில் இல்லாத கிளாஸ் வேண்டும் என்றால் நாமே ஸ்கிரிப்ட் எழுதிச் சேர்க்கலாம். அந்த வேலை வினோஜனுடையது. பஸ்லான் கடையில் திருத்திக் கொடுத்த பழைய லேப்டாப்பில், ஸ்டோர் விட்டு வந்து, நகக்கண்ணில் தேயிலைத் தூளோடு உட்கார்ந்து எழுதுவான். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் போதும், கேரக்டரின் உயிர் பலம் எல்லாம் சைபராகிவிடும். எங்கே விட்டோம் என்று தேடுவதற்குள் கண் எரியும். அலுப்புத்தான். ஆனாலும் அந்த அலுப்பு அவனாக எடுத்துக்கொண்ட அலுப்பு.

"எனக்கு ஒரு புது ஆள் செஞ்சு தாங்க அண்ணே," என்றாள் அம்னா ஒரு நாள். "வாள் வேணாம், நெருப்பு வேணாம். மத்தவங்கள சாக விடாம காப்பாத்துற ஆள்."

"நீ மொதல்ல சாகாம இரு," என்றான் தனுஷன்.

வினோஜனுக்கு யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. சாகக் கிடக்கிறவனைக் காப்பாற்றுகிற ஒரே ஆளைத்தான் அவனுக்குத் தெரியும். கிளாஸுக்கு நேர்த்திக்காரி என்று பேர் வைத்தான்.

எழுதப் போனபோதுதான் அது சுலபமில்லை என்று தெரிந்தது. அந்த மென்பொருளில் ஒவ்வொரு சக்திக்கும் மூன்று பெட்டி. செலவு என்ன, பலன் என்ன, எதுவரை. மந்திரவாதி சக்தியைச் செலவழித்தால் நெருப்பு வரும். வேடன் அம்பைச் செலவழித்தால் அடி விழும். செலவு முதலில், பலன் பிறகு. செலவுக்கு இல்லையென்றால் மென்பொருள் பலனைத் தராது. நேர்த்தி அப்படியா? கையில் ஒன்றும் இல்லாதவள்தான் நேர்த்தி வைக்கிறாள். பிழைக்க வைத்துவிடு தாயே, பிறகு செய்கிறேன் என்கிறாள். பலன் முதலில், செலவு பிறகு.

பல நாள் மாரடித்து அதைத் தலைகீழாக்கினான். நேர்த்திக்காரி வாய் திறந்து சொன்னதும் சாகக் கிடக்கிறவன் எழும்புவான். அதன் பிறகு ஒரு பாரம் விழும். பாரம் விழுந்தவனுக்குப் பலம் குறையும், நடை குறையும். யார் மேல் விழும் என்ற இடத்தில் அவன் ஒரு நிமிசம்கூட நிற்கவில்லை. பக்கத்தில் இருக்கிற சொந்தக் கூட்டாளி மேல் என்று எழுதினான். சொல்கிறவள் ஒருத்தி, சுமக்கிறவன் ஒருத்தன், அப்படித்தானே உலகம். எதுவரை என்ற பெட்டியை வெறுமையாக விட்டான். மென்பொருளும் ஒன்றும் கேட்கவில்லை, ஏற்றுக்கொண்டது.

கொடி ஏறிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை அம்னாவின் நேர்த்திக்காரி முதல் தடவை கதைக்குள் இறங்கினாள். பாலத்தில் தனுஷனின் வீரனைப் பூதம் அடித்துப் போட்டது. அம்னா நேர்த்தி வைத்தாள், வீரன் எழும்பினான். தனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அடியே, நீ என் கொல தெய்வம்," என்றான். குகையில் பஸ்லான் நடத்துகிற கிழவன் ஒருவன் விழுந்தான், அம்னா காப்பாற்றினாள். குதிரை விழுந்தது, குதிரைக்கும் நேர்த்தி வைத்தாள்.

கொஞ்ச நேரம் போனதும் தனுஷன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான்.

"மச்சான், என் ஆளுக்கு என்ன நடந்துச்சு? வாளத் தூக்கேலாதுன்னு வருது."

"பாரம் விழுந்திருக்கும்."

"குதிரைக்கு வச்ச நேர்த்தியும் என் தலையிலயா?"

"நீதானே பக்கத்துல நின்ன."

"நடை வேகம் கழித்தல் அஞ்சுன்னு காட்டுது. அப்படின்னா என்ன, நான் பின்னால நடக்குறேனா?"

பஸ்லான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "த்ரீவீலுக்கு ரிவர்ஸ் போட்ட மாதிரி போ. பூதம் ஒன்ன கண்டு பயந்துரும்."

அம்னா சிரிக்கவில்லை. படிப்பிக்கிறவள் அல்லவா, திரையில் இருந்ததை வரி வரியாகப் பார்த்தாள். "அண்ணே, இதுல எதுவரைங்கிறது வெறுமையா இருக்கே. தனுஷன் அண்ணன்ட பாரம் எப்ப எறங்கும்?"

"எறங்காது," என்றான் வினோஜன்.

"எறங்காதா? அவர் போய்ச் செஞ்சு முடிச்சா?"

"அடுத்த வருசம் திரும்பச் செய்யணும். நேர்த்தின்னா அப்படித்தானே."

தனுஷன் நிமிர்ந்து பார்த்தான். "யார்ரா ஒனக்குச் சொன்னது? எங்க அம்மா எனக்குத் தீ மிதிக்க வச்சாங்க. மூணு வருசம்னு சொன்னாங்க, மூணாவது வருசம் அம்மனுக்குச் சேலை சாத்தினதோட சரி. அதுக்குப் பெறகு அந்தப் பக்கமே நான் போகல."

"எங்கடயிலயும் அப்படித்தான்," என்றாள் அம்னா. "நேர்ச்சைய ஒருக்கா நெறவேத்தினா முடிஞ்சி. ஒங்களுக்கு எத்தன வருசம்னு செல்லியீக்காங்க?"

"தெரியாது."

"கேக்கல்லியா?"

வினோஜன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தான். முழு ஸ்கிரிப்டிலும் பிழை இல்லை. அவனுக்குத் தெரிந்ததை அப்படியே எழுதியிருந்தான், அவ்வளவுதான். முடியும் இடம் ஒன்று உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது.

"வச்சவங்களத்தான் கேக்கணும் மச்சான்," என்றான் பஸ்லான். "மெசினுக்கு வெளங்காது."

நோர்வூட் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். இறங்கி லயத்துக்கு நடக்கையில் கோயில் பக்கம் தப்பை நெருப்பில் காய வைத்துத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. முட்டி தானாக ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தது.

மீனம்மா கொழுந்து மலையிலிருந்து வந்து குளித்து, அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவள். விரல் நுனியெல்லாம் கறுப்பு, தேய்த்தாலும் போகாத கறுப்பு. அவன் பலகையை இழுத்துப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தான்.

"அம்மா, எனக்கு வச்ச நேர்த்தி எத்தன வருசத்துக்கு?"

அவள் கை நின்றது. பிறகு மறுபடியும் பிசைந்தது. "ஏன், இப்பக் கேக்குற?"

"சும்மா சொல்லுங்க."

"மூணு வருசம்."

அவன் அடுப்பைப் பார்த்தான். மூன்று வருசம் எப்போதோ முடிந்துவிட்டது. தாடி முளைக்காத காலத்தில் முடிந்துவிட்டது.

"அப்ப ஏன் இன்னும் தூக்குறேன்?"

"மூணாவது வருசம் ஒங்க அக்காவுக்கு ராகலையில புள்ள பொறக்குற நேரம். கொழந்தை குறுக்க கெடக்குன்னாங்க. நான் என்னத்தச் செய்ய? ரெண்டு உசிரும் பொழச்சா தம்பி இன்னும் அஞ்சு வருசம் எடுப்பான் தாயேன்னு சொல்லிட்டேன்."

"அதுக்குப் பெறகு?"

"அப்பாவுக்குக் கால் சீப்புடிச்சு வெட்டணும்னாங்களே, அப்ப. பெறகு மழையில மேல் லயம் சரிஞ்சு நம்ம லயம் தப்பிச்சுச்சே, அப்ப. ஒனக்கு ஸ்டோர்ல பேர் பதிஞ்சாங்களே, அதுக்கு ஒரு ரெண்டு வருசம்."

"எனக்கு வேலை கெடைக்கிறதுக்கு நானே காவடி தூக்குனேனா?"

"வேற யாரு தூக்குவா? பக்கத்து வீட்டுக் கொமாரு அண்ணன் மகனா வந்து தூக்குவான்?"

வினோஜனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் வெளியே வரவில்லை. "எல்லாத்தையும் சேத்துப் பாத்தா எப்ப முடியும்?"

"இந்த வருசத்தோட முடிஞ்சிருக்கும்," என்றாள் மீனம்மா. மாவை உருட்டினாள். உருட்டியதையே திரும்ப உருட்டினாள். "போன வருசம் நீ வளைவுல விழுந்தியா, எனக்கு உசிரே இல்ல. அன்னைக்கு அங்கேயே நின்னு கும்புட்டேன். எம்புள்ள முட்டி நல்லாகணும் தாயே…"

"நல்லானா?"

அவள் மாவை எடுத்துக் கல்லில் தட்டினாள்.

"நல்லானா என்னம்மா?"

"இன்னும் மூணு வருசம் காவடி எடுப்பான்னு சொல்லிட்டேன்."

அடுப்பில் விறகு வெடித்தது. ஈர விறகு, புகை சுற்றிச் சுற்றி வந்தது. தனுஷனின் வீரன் பின்னாலேயே நடந்துபோன கோலம் வினோஜன் கண்ணுக்குள் வந்தது. சுமக்க முடியாத முட்டிக்காக இன்னும் மூன்று வருசம் சுமை. கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இருக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"சாமிகிட்ட கேக்குற நேரத்துல ஒன்ன எங்கடா போய்க் கேக்குறது? அங்க உசிரு போய்க்கிட்டு இருக்கும்."

"சுமக்கிறது நான்தானே."

"எங்கிட்ட வேற என்ன இருக்கு, குடுக்க?" மீனம்மா அவனைப் பார்க்காமலே சொன்னாள். "ஆடு இருக்கா, மாடு இருக்கா? நாம இருக்குற இந்தக் காம்பராவும் தோட்டத்தோடது. இந்த மாருல ஒரு குண்டுமணித் தங்கம் இல்ல. எனக்குன்னு இருந்தது நீதான். ஒன்னையே குடுத்துக்கிட்டு இருந்தேன்."

ரொட்டி ஒரு பக்கம் கருகியது, அவளே எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். நல்லதை அவனுக்குக் கொடுத்தாள். இரண்டு பேரும் காரமான கட்டைச் சம்பலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

கை கழுவி வந்து அவள் சொன்னாள். "நீ வலிக்குதுன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். நீ எதிர்த்துப் பேசாமத் தூக்குறதப் பாத்து, ஒனக்கு அதுல ஒரு ஆசைன்னு நெனச்சேன்."

"எனக்கா ஆசை?"

"சனம் எல்லாம் பாக்குதுல்ல. எளவட்டம்." கொஞ்சம் நின்று, "எளவட்டமா இருந்த," என்று திருத்திக்கொண்டாள். "சரி விடு. சொன்னது நான். நானே எறக்கி வச்சுக்கிறேன். நான் பால்கொடம் எடுக்குறேன்."

"ஒங்க முட்டி என் முட்டிய விட மோசம்."

"அது என் முட்டி."

மறு வாரம் ஸ்டோர் விட்டு வந்த நாளெல்லாம் வினோஜன் ஸ்கிரிப்டைத் திறந்து வைத்துக்கொண்டான். இரண்டு இடத்தைத் திருத்தினான். எதுவரை என்ற பெட்டியில், நேர்த்தி வைத்தவள் தானே எடுத்துக்கொள்ளும்வரை என்று எழுதினான். அதற்கு மேலே இன்னொன்று சேர்த்தான். பாரம் விழுவதற்கு முன்னால் சுமக்கப் போகிறவனின் திரையில் ஒரு கேள்வி வரும். சம்மதமா, இல்லையா? இல்லையென்றால் நேர்த்தி பலிக்காது. எழுதி முடித்தபோது தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தான்.

அந்த ஞாயிறு பஸ்லானின் கிழவனை ஆறு அடித்துக்கொண்டு போனது. அம்னா நேர்த்தி வைத்தாள். தனுஷனின் பக்கம் கேள்வி வந்தது. அவனுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "இல்ல" என்பதைத் தட்டினான். கிழவன் தண்ணீரோடு போய்விட்டான்.

"பாவி," என்றான் பஸ்லான். "ஒனக்கு வாள் குடுத்ததே அந்தக் கெழவன்."

"கேட்டுச்சு, சொன்னேன்."

அடுத்து, தனுஷனின் வீரனே மலையிலிருந்து விழுந்தான். பக்கத்தில் நின்றது வினோஜனின் வேடன். கேள்வி அவனிடம் வந்தது. கூட்டாளி சாகிறான், ஒரு பாரம்தான், தட்டினால் போதும். கை போகவில்லை. வாரம் முழுக்கப் படி ஏறிய கை, கால், முதுகு எல்லாம் சேர்ந்து வேண்டாம் என்றது. வெறும் விளையாட்டு என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் "இல்ல" என்றான்.

"செத்துட்டேனா?" என்றான் தனுஷன்.

"செத்துட்ட மச்சான்."

"பரவால்ல. பின்னால நடந்ததுக்கு இது நிம்மதி."

அம்னா காயை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். "ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கிட்டு நின்டா ஒத்தரையும் காப்பாத்தேலா போல," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னாள். வினோஜன் ஸ்கிரிப்டை மூடினான். திரும்ப எதையும் மாற்றவில்லை. மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கவும் அலுப்பாக இருந்தது.

திருவிழா அன்று மழை தூறிக்கொண்டே இருந்தது. ஆற்றங்கரையில் மீனம்மா மஞ்சள் சேலை கட்டி, தலையில் பால்குடத்தோடு நின்றாள். காவடி தூக்காத வினோஜனைச் சனம் ஒரு மாதிரிப் பார்த்தது. "என்னடா, அம்மனோட கோவமா?" என்றார் ஒரு பெரியவர். "லீவு போட்டிருக்கேன் மாமா," என்றான் அவன். தப்பு அடி கிளம்பியது. மாயாண்டித் தாத்தா அடித்த அதே அடி, இப்போது வேறு கை.

தாய்க்கு ஒரு அடி பின்னால் குடையைப் பிடித்தபடி நடந்தான். அவளுடைய செருப்பு அவன் கையில் இருந்தது. அவள் ஒவ்வொரு வளைவிலும் நின்றாள். நிற்கையில் இவன் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள், மூச்சு வந்ததும் விட்டுவிடுவாள். ஸ்டோர் வளைவில் கால் வழுக்கிப் பால் கொஞ்சம் சிந்தி அவள் நெற்றியில் இறங்கியது.

"குடுங்கம்மா, மிச்சத்துக்கு நான் எடுக்குறேன்."

"பேசாம வா."

கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பூசாரி குடத்தை வாங்கிப் பாலை அம்மன் மேல் ஊற்றினார். மீனம்மா தூணைப் பிடித்து நின்றாள், உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழும்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும். வினோஜனுக்குக் கண் கலங்கியது. முடிந்தது, இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தான்.

தீபாராதனைக்கு மணி அடித்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். மீனம்மாவும் தூக்கினாள். கண்ணை மூடினாள். அவளுடைய உதடு பிரிந்தது.

வினோஜன் குடையைப் போட்டான். செருப்பையும் போட்டான். சனம் முழுக்கப் பார்த்திருக்க, ஒரு எட்டு வைத்துத் தாயின் வாயைக் கையால் பொத்தினான். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் கண்ணைத் திறக்கவில்லை, கையைத் தள்ளவும் இல்லை.

அவனுடைய உள்ளங்கைக்குள் அந்த உதடு அசைந்துகொண்டே இருந்தது.